அம்பைக் கொஞ்சம் பச்சைப் பக்கம் தள்ளுங்கோ

விற்கப்போகிற வீடு எவ்வளவு சூட்டைத் தின்கிறது என்று கடுதாசியில் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் என் தொழில். டுசல்டோர்ஃப் பக்கத்தில் இந்தச் சட்டம் புதிதாக வந்த காலத்தில் தொடங்கினேன். சான்றிதழில் பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஒரு பட்டை இருக்கும், அதன்மேல் ஓர் அம்பு. பச்சை என்றால் சிக்கனம், சிவப்பு என்றால் பெருந்தீனி. கலியாணத்துக்குச் சாதகம் பார்ப்பதுபோல எல்லோரும் அந்த அம்பைத்தான் பார்ப்பார்கள். வீடு விற்றுப் பட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

ஒரு நாளும்

தன் கையாலேயே வீடு கட்டிய ஒரு ஜெர்மன் தாத்தா, நான் ஜன்னல் இடுக்கில் கையை வைத்துப் பார்த்ததும் முகத்தை நீட்டிக்கொண்டார். "இந்த வீட்டில் குளிர் என்று என் மனைவி ஒரு நாளும் சொன்னதில்லை" என்றார். இரண்டு கம்பளிச் சட்டையும் கழுத்தில் சால்வையுமாகக் கோப்பி கொண்டுவந்த மனைவி, கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இவர் ஒரு நாளும் கேட்டதில்லை."

பச்சை வீடு

ஒரே அச்சில் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. அதில் ஃப்ராவ் லிண்டெ என்ற விதவை அம்மா தனியாக இருந்தார். வீட்டை விற்கச் சொல்லி மகன் நெருக்கியதால் என்னைக் கூப்பிட்டிருந்தார். இருப்பதில் மலிவான சான்றிதழ் போதும் என்றார். அதற்குச் சுவரை அளக்கத் தேவையில்லை, ஹீட்டருக்கு எரித்த மூன்று வருஷ காஸ் பில்லைப் பார்த்தால் முடிந்தது. பில்லில் ஒன்றுமே இல்லை. அம்பு நேரே பச்சைக்குள் போய்க் குந்திக்கொண்டது.

பழைய வீட்டில் இது என்ன மாயம் என்று சுற்றிப் பார்த்தேன். ஐந்து அறைகளில் ஓர் அறைக்குத்தான் ஹீட்டர் எரிகிறது, அதுவும் பேருக்கு. எழுதும்போது என் விரல் விறைத்தது. குளிரவில்லையா என்று கேட்டேன். "குளிருக்குத்தானே கோட் இருக்கிறது? விற்க ஆசை என் மகனுக்கு. எனக்கு இந்த வீடு தாராளம்."

சிவப்பு வீடு

அடுத்த வீட்டில் நம்மவர்கள், யாழ்ப்பாணத்துச் சிவம் அண்ணையும் மலர் அக்காவும். அவர்களும் விற்க நின்றார்கள். அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. மாடிப் படியில் குந்திக் குந்தி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பார்த்த எனக்கு மனசு கேட்கவில்லை. கீழ்த்தளத்தில் ஒரு வீடு பேசி வைத்திருந்தார்கள். அதன் சொந்தக்காரர் மாதக் கடைசிவரைதான் பொறுப்பாராம்.

இவர்களுடைய பில்லைப் பார்த்தேன், தலை சுற்றியது. எல்லா அறையிலும் ஹீட்டர் உச்ச எண்ணான ஐந்தில். குசினி ஜன்னலோ மாரிக் குளிரிலும் காலையிலிருந்து திறந்தபடி. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கோட்டில் கறி மணக்கக்கூடாதென்று தொடங்கிய பழக்கமாம். பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போயும் ஜன்னல் மூடவில்லை. வீட்டோடு சேர்த்துத் தெருவையும் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பில்லை வைத்து எழுதினால் அம்பு சிவப்பின் நுனியில் நிற்கும் என்றேன். அண்ணை குரலைத் தாழ்த்தினார்: "தங்கச்சி, நீங்கள் எங்கட ஆள்தானே, அம்பைக் கொஞ்சம் பச்சைப் பக்கம் தள்ளிவிடுங்கோவன்."

மஞ்சள்

ஏலாது என்றேன். பொய்க் கையெழுத்துப் போட்டால் என் பிழைப்பில் மண். ஆனால் சுவர், கூரை, ஜன்னல் எல்லாவற்றையும் அளந்து கணக்குப் பார்க்கும் இன்னொரு சான்றிதழ் இருக்கிறது. அதில் ஆட்கள் எப்படி எரித்தார்கள் என்பது சேராது. ஒரு முழு நாள் நிலவறைக்கும் கூரைக்கும் ஏறி இறங்கினேன். அம்பு மஞ்சளில் நின்றது. அதுதான் அந்த வரிசையில் எல்லா வீட்டின் உண்மையான நிறமும்.

வீடு பார்க்க ஓர் இளம் ஜோடி வந்த அன்று, விளக்கம் சொல்ல என்னையும் அண்ணை கூப்பிட்டிருந்தார். அவர்கள் கையில் இரண்டு வீட்டுச் சான்றிதழும் இருந்தன, இரண்டிலும் என் கையெழுத்து. ஒரே சுவர், ஒரே கூரை, பக்கத்து வீடு மட்டும் எப்படிப் பச்சை என்று கேட்டார்கள். அந்த அம்மாவின் பில்லை நான் எப்படி அவிழ்த்துக் காட்டுவது? அண்ணையின் முகம் செத்துப்போனது. கதிரையில் இருந்த அக்காதான் தன் ஜெர்மனில் சொன்னார், பக்கத்து வீட்டு மணியை அடித்து, உள்ளே பத்து நிமிஷம் இருந்துவிட்டு வாருங்கள் என்று.

போனவர்கள் ஆறாவது நிமிஷமே திரும்பினார்கள். பெண் அண்ணை வீட்டு ஹீட்டரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இந்த வீட்டையே எடுக்கிறோம். அந்த அம்மா வீட்டுக்குள் தொப்பியோடு நிற்கிறார், எங்களுக்கும் ஆளுக்கொரு போர்வை தந்தார்."

அன்றிலிருந்து நான் பச்சை என்று எழுதும் ஒவ்வொரு வீட்டிலும், உள்ளே இருப்பது நல்ல சுவரா நல்ல கோட்டா என்று எனக்கே சந்தேகம்தான்.