மாடியில் இல்லாத அறை

எங்கள் வார்டில் அவளை ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு மின்விசிறி, அவ்வளவுதான் கடை. பக்கத்தில் அதைவிடச் சின்னது என் வாட்ச் ரிப்பேர் கடை. நடுவில் இருப்பது வெறும் பலகை. அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். அதனால் அவளைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு உண்டு. கோபமும் உண்டு. அதை மறைத்து எழுதுகிற அளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை.

புருஷன் போன பிறகு தவணையில் மெஷினை வாங்கிப்போட்டு, தங்கையைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்தவள். தங்கையைத் தவிர அவளுக்கு வேறு நாதி கிடையாது. அந்தத் தங்கை தன் மாமனார் வீட்டு மொட்டை மாடியில் ஓர் அறை கட்டிக்கொண்டு, புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் குடியிருந்தாள். சிமெண்ட் குழைத்தது அவள், செங்கல் அடுக்கியது அவள் புருஷன். அனுமதி கினுமதி எதுவும் கிடையாது. எங்கள் பக்கம் நிறையப் பேர் அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

மூன்று தேர்தலாக எங்கள் வார்டு ஒரு கட்டடக் காண்ட்ராக்டர் கையில் இருந்தது. ஓட்டுக்கு முதல்நாள் வீட்டுக்கு வீடு கவர் வரும். அதற்கப்புறம் ஐந்து வருஷம் மனுஷன் கண்ணில் தட்டுப்படமாட்டார். இந்தத் தடவை அவரை எதிர்த்து டியூஷன் வாத்தியார் நிற்கப்போகிறார் என்று கேட்டதும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சைக்கிளுக்குப் புது டயர் மாற்றவே ஒரு மாசம் யோசிக்கிற ஆள் அவர்.

அக்கா சிரிக்கவில்லை. "காசு இல்லைன்னா என்ன, நமக்குக் காலு இருக்குல்ல?" என்றாள்.

"எனக்கு முட்டி வலிக்குதுக்கா."

"அப்ப நீ கீழ் வீடு மட்டும் பாரு."

இப்படிப் பேசிப் பேசியே முப்பத்திநாலு பேரைச் சேர்த்துவிட்டாள். முறையையும் அவள்தான் வகுத்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று தடவை போக வேண்டும். முதல் தடவை ஓட்டு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. என்ன குறை, எதற்குப் பயம் என்று மட்டும் கேட்க வேண்டும். வெளியே வந்ததும், கேட்டதைச் சீட்டில் எழுதிவிட வேண்டும். மெஷினில் கோணலாக விழுந்து வீணான தாள்களை அவள் நாலாக வெட்டி, பின்பக்கம் எழுதக் கொடுத்தாள். மூலையில் ஓட்டை போட்டு, தெருவுக்கு ஒரு கட்டாக நூலில் கோத்துவைத்தாள். இரண்டாவது தடவை வேறு யார் போனாலும் சீட்டைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்கலாம். கேட்டால் கதவு முழுசாகத் திறக்கும். நானே பார்த்திருக்கிறேன்.

"எல்லாத்தையுமா எழுதணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பின்ன? மனசு விட்டுச் சொல்றாங்க. அடுத்து போறவன் ஒண்ணும் தெரியாம பேந்தப் பேந்த முழிச்சா நல்லாவா இருக்கும்?"

வேலை போனதை மனைவியிடம் மறைத்தவர் எங்களிடம் சொன்னார். பேசாத மகனைப் பற்றி ஒரு அம்மாள் சொன்னாள். ஆனால் பல வீடுகளில் கேட்டது ஒரே பயம்தான்: மேலே ஓர் அறை போட்டிருக்கிறோம், இடித்துவிடுவார்களா? அதையும் எழுதினோம். தங்கை வீட்டுச் சீட்டை அக்காவே எழுதினாள். "அது நம்ம வீடுதானே, எதுக்குக்கா?" என்றேன். "என் தங்கச்சின்னா அவளுக்குப் பயம் இருக்காதா?" என்றாள்.

தெருமுனைக் கூட்டத்தில் வாத்தியார் எங்கள் எல்லார் முன்னாலும் பதில் சொன்னார்: "நான் இருக்கிறவரைக்கும் உங்க வீட்டுச் செங்கல் ஒண்ணு மேலகூட யாரையும் கைவைக்க விடமாட்டேன்." மூன்றாவது சுற்றில் அந்த வாக்கை நாங்கள்தான் வீடு வீடாகக் கொண்டுபோனோம். தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னோம்.

இருநூற்றுப் பதினொரு ஓட்டில் ஜெயித்தோம். காண்ட்ராக்டர் மண்ணைக் கவ்வினார். அக்கா மெஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் வாத்தியார் கடைக்கு வந்தார். "அந்தச் சீட்டெல்லாம் குடுங்கக்கா. ஒவ்வொரு வீட்டுக் குறையா தீர்க்கணும்" என்றார். மொத்தம் பதினொரு கட்டு. ஆறை அவள் சுமந்தாள், ஐந்தை நான் சுமந்தேன். நகராட்சி ஆபீசின் படியேறும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஐந்து மாதம் கழித்து நோட்டீஸ் வர ஆரம்பித்தது. அனுமதியில்லாத கட்டடம், பதினைந்து நாளில் காலி செய்யவும். நகல் எடுக்க எல்லாரும் அக்கா கடைக்குத்தான் வந்தார்கள். முதல் நாள் நாலு பேர், மறுநாள் இருபது பேர். மூன்றாம் நாள் தங்கையே வந்தாள். "பயப்படாதடி. வாத்தியாருக்குத் தெரியாம எவனோ பண்ணியிருக்கான். நான் பேசறேன்" என்று அக்கா அவளைத் தேற்றி அனுப்பினாள். பலகைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்த நானும் அதை நம்பினேன்.

அன்று சாயங்காலம் எங்கள் வார்டு பஸ் டிரைவர் ஒருவர் கையில் நோட்டீசோடு சிரித்துக்கொண்டே வந்தார். "இந்தக் கூத்தைப் பாருங்கக்கா. என் வீட்டு மாடியில அறை இருக்காம், இடிக்கப் போறாங்களாம். அங்க தண்ணித் தொட்டியும் துணி காயப்போடற கொடியும்தான் இருக்கு. வேணும்னா அதை இடிச்சுட்டுப் போகட்டும்!"

நானும் சிரித்தேன். சிரித்தபடியே பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அக்கா நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

டிரைவர் போன பிறகுதான் வாயைத் திறந்தாள். முதல் சுற்றில் டிரைவர் வீட்டுக்குப் போனது அவள்தான். மாடியில் மகளுக்கு ஓர் அறை கட்ட வேண்டும் என்பது தன் ஆசை என்று அவர் சொல்லியிருக்கிறார். படியில் நின்று அவசரமாக எழுதியவள், "மாடியில் அறை, மகளுக்கு" என்று சுருக்கிவிட்டாள்.

"அந்த அறை உலகத்துல வேற எங்கயும் இல்லப்பா. என் சீட்டுல மட்டும்தான் இருக்கு," என்றாள்.



மறுநாள் காலை இருவரும் வாத்தியாரைப் பார்க்கப் போனோம். அவர் இப்போது நகராட்சியின் கட்டடக் குழுத் தலைவர். அந்தப் பதவிக்கு, மற்ற வார்டுகளில் ஜெயித்திருந்த காண்ட்ராக்டரின் ஆட்களும் கைதூக்கியிருந்தார்கள். பதிலுக்கு, இடிக்கிற வேலை மொத்தமும் காண்ட்ராக்டருக்கு. இதை வாசலில் நின்ற பியூன் எங்களிடம் மறைக்கக்கூட இல்லை. ஊருக்கே தெரிந்த கதை, எங்களுக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

"வாங்கக்கா, உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

அக்கா உட்காரவில்லை. "பஸ் டிரைவர் வீட்டு மாடியில அறை கிடையாது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புரிந்துகொண்டார் என்பது தெரிந்தது. "ஒண்ணு ரெண்டு தப்பு இருக்கலாம். லிஸ்ட்லேருந்து அதை அடிச்சுடச் சொல்றேன்."

"மிச்ச அறுபத்திமூணு வீட்டு நோட்டீஸ்?"

"மிச்சமெல்லாம் நிஜம்தானேக்கா? சட்டம்னு ஒண்ணு இருக்கு. உள்ள வந்து உக்காந்து பார்த்தாதான் தெரியுது. நான் எதையும் இட்டுக்கட்டலை. எழுதினது நீங்கதான்."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க தங்கச்சி வீடும் இருக்கு, பார்த்தேன். அதை மட்டும் எடுத்துடறேன். யாருக்கும் தெரியாது. நீங்க இந்தச் சீட்டு விஷயத்தை வெளிய பேச வேணாம், அவ்வளவுதான்."

நானாக இருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டாவது சொல்லியிருப்பேன்.

"மத்த வீட்டுப் படியில நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஏறுவேன்?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

நான்கு நாள் கடையைப் பூட்டிவிட்டு, நோட்டீஸ் வந்த வீடு ஒவ்வொன்றுக்கும் போனாள். முட்டி வலியைப் பார்க்காமல் நானும் கூடவே ஏறினேன். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். "உங்க மாடியைப் பத்தி எழுதினது நாங்க. அதைப் பார்த்துத்தான் நோட்டீஸ் வந்திருக்கு. வழக்குப் போட்டீங்கன்னா நான் வந்து சாட்சி சொல்றேன்." ஒருவர் தண்ணீர் கொடுத்தார். ஒருத்தி வாய்க்கு வந்தபடி திட்டினாள். வேலை போனதை மறைத்தவர், தன் சீட்டில் வேறு என்னென்ன எழுதியிருக்கிறது என்று மெல்லிய குரலில் கேட்டார். அக்கா தலைகுனிந்தாள். ஒரு கிழவர் கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

தங்கை வீட்டைக் கடைசியாக வைத்திருந்தாள். ஆனால் வாத்தியார் முந்திக்கொண்டார். தங்கையின் புருஷனை வழியில் நிறுத்தி, "உங்க வீட்டை விட்டுடறேன்னுதான் சொன்னேன். அக்காதான் வேணாம்னுட்டாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

வெளிப்படியேறி மேலே போனோம். கதவு சாத்தியிருந்தது. வெளியே நாலு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம். அக்கா தட்டியதும் சத்தம் நின்றது.

"யாரு?"

"நான்தான்மா."

"பெரியம்மா!" என்றது பிள்ளைகளில் ஒன்று. யாரோ அதட்ட, அடங்கிவிட்டது.

பிறகு தங்கையின் குரல் கதவுக்கு மிகப் பக்கத்தில் கேட்டது. அழுத குரல்.

"வீட்ல யாரும் இல்ல."

அக்கா கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள். பிறகு, "சரிம்மா" என்றாள்.