ரப்பர்ப் படத்தைப் பற்றிப் பதினொரு வரி

நான் நேரில் கண்டதையும், என் கையால் எழுதியதையும், ஒருவர் சொல்லப் பிறர் மறுக்காததையும் மட்டுமே இங்கே தருகிறேன். எவர் பெயரும் தரவில்லை. ஈப்போப் படக்கொட்டகையில் கால் மணி நேரம் ஓடிய ஒரு சிறு படத்தின் நினைவுக்கு இத்தனை கட்டுப்பாடு வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும். ஒரு முறை, வாக்கியத்தின் ஓசை நிறைய வேண்டும் என்பதற்காகச் சரிபாராத சொல் ஒன்றை அச்சுக்கு அனுப்பினேன். அந்தச் சொல்லை ஒருவன் எப்படிப் பிடித்துக்கொண்டான் என்பதே இக்குறிப்பின் பொருள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதியில், மலாய் நாட்டில், செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பள்ளியாசிரியனாக இருந்தேன். கடல் கடக்குமுன் ஒரு புலவரிடம் ஐந்தாண்டு இலக்கணம் பாடங்கேட்டவன். கேட்டதைப் பயன்படுத்த இடமில்லாமல், மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் ஈப்போவுக்குச் சென்று புதிய சலனப்படங்களைப் பார்த்து, ஒரு தமிழ் வார இதழுக்குப் புனைபெயரில் மதிப்புரை எழுதி வந்தேன். அந்தப் பெயருக்குரியவன் நான் என்பது தோட்டத்தில் எவருக்கும் தெரியாது.

அக்காலப் படங்கள் பேசுவதில்லை. ஆங்கில எழுத்துகள் திரையில் தோன்றி மறையும். முன்பெஞ்சுக்காரர்கள் அவற்றை மழையைப் பார்ப்பது போலப் பார்த்திருப்பார்கள். வாள்வீரன் மாடியிலிருந்து குதித்தால் கொட்டகை ஆர்ப்பரிக்கும். அவன் விழுந்த இடத்தில் வைக்கோல் பரப்பியிருந்தது என்று நான் எழுதுவேன். நாயகி அழுதால் பெண்கள் முந்தானையை எடுப்பார்கள்; இரு கண்ணிலும் ஒரே அளவாக வழிவது கண்ணீரன்று, எண்ணெய் என்று எழுதுவேன். என் சொல்லைக் கேட்டு எவரும் படத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆனால் வாசகர்கள் சிரிக்கிறார்கள் என்று இதழாசிரியர் எனக்குக் கடிதம் எழுதுவார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை, பெரிய படத்துக்கு முன்னால், மரத்தில் தொடங்கி மோட்டார் வண்டிச் சக்கரத்தில் முடியும் ரப்பர்ப் படம் ஒன்றைக் காட்டினார்கள். கதையில்லாத படம், உள்ளதை உள்ளபடி காட்டுவதாகச் சொல்லிக்கொண்ட படம். கொட்டகையில் அதை எவரும் பார்க்கவில்லை. கச்சான் கடலை விற்பவனைக் கூப்பிட்டார்கள், இடம் மாறி உட்கார்ந்தார்கள், ஒருவரையொருவர் ஏசினார்கள். நான் பார்த்தேன். அந்த மரங்கள் எங்கள் தோட்டத்து மரங்கள். கத்தி பிடித்து நின்ற பெண்ணையும் அறிவேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், கடைசி வீட்டுக்காரி. படம் பிடித்துச் சில நாட்களில் குளிர்காய்ச்சல் கண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனவள். நான் படத்தைப் பார்த்தபோது அவள் இறந்து ஆறு மாதம் கடந்திருந்தது.

இறந்தவள் என்பதற்காகக் குறையைச் சொல்லாமல் விடுவது முறையன்று என்று கருதினேன். எவரும் பொருட்படுத்தாத அப்படத்துக்குப் பதினொரு வரி ஒதுக்கினேன். அவற்றில் இறுதி வரிகள் இவை:

‘பால் வடியும் காட்சி தெளிவாக அமைந்துள்ளது. மரஞ்சீவும் பெண்ணோ, கத்தியைப் பட்டையில் ஊன்றிவிட்டு, மூன்று முறை ஒரு புறம் திரும்பி, களவில் அகப்பட்டவள் போல் விழிக்கிறாள். அவளைக் காட்டிலும் மரம் நன்றாக நடித்திருக்கிறது.’

தோட்டத்தில் ஞாயிறுதோறும் முற்பகலில் பள்ளிப் படிக்கட்டில் அமர்ந்து இதழை உரக்கப் படிப்பது என் வழக்கம். அதைக் கேட்க முப்பது நாற்பது பேர் வருவார்கள். அவர்களில் எழுத்தறிந்தவர் எவருமில்லை. அந்த வாரம் தோட்டத்துக் கடைக்காரர் ஈப்போவில் சரக்கெடுக்கப் போனபோது யாரோ சொல்லக் கேட்டு வந்திருந்தார்.

‘வாத்தியாரையா, நம்ம தோட்டத்து வாயாங் பத்திப் பேப்பர்ல போட்டிருக்காமே? படிங்க’ என்றார். படக்காட்சியை லயத்தில் அந்த மலாய்ச் சொல்லால்தான் சொல்வார்கள்.

இறந்தவளின் கணவன் வேலியோரம் நின்றவன், நகர்ந்து முன்னால் வந்து குந்தினான்.

நான் தாளைப் புரட்டிவிட்டு வேறு எதையேனும் படித்திருக்கலாம். எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். அச்சிலுள்ளதை மாற்றிப் படிப்பதில்லை என்ற ஒழுக்கத்தை அன்றும் காத்தேன். அந்த வாக்கியம் வாய்விட்டுப் படிக்கும்போது எப்படி ஒலிக்கும் என்று கேட்கும் ஆவலும் இருந்தது.

நன்றாகவே ஒலித்தது. பிறகு பின்வரிசையில் ஓர் இளைஞன் வெடித்துச் சிரித்தான்.

‘மரம் நல்லா நடிச்சிச்சாம்டா!’

‘அப்ப மரத்துக்கு ஒரு மாலையப் போடுங்கலா!’

‘மச்சான், தாலிய நீ மரத்துக்கே கட்டியிருக்கலாம். எதிர்த்துப் பேசாது, வருசம் பூரா பாலும் கொடுக்கும்!’

‘செத்தவளப் பேசுறீங்களே, வாய் அழுகிப்போயிரும்டா’ என்று ஒரு பெண் அதட்டினாள். அவளும் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கினாள்.

அவன் எவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து கேட்டான்:

‘மூணு தரமா பாத்தாளாம், ஐயா?’

‘மூன்று முறை என்றுதான் போட்டிருக்கிறது.’

‘எந்தப் பக்கம்னு?’

‘ஒரு புறம் என்று மட்டும்.’

‘நல்லாப் பாருங்க ஐயா. பின்னால போட்டிருப்பாங்க.’

பின்னால் தலைவலி மருந்துக்கு விளம்பரம் இருந்தது. அவன் கேட்டதற்காக அதையும் படித்தேன்.

அன்று பிற்பகல் அவன் என் வீட்டு வாசலுக்கு வந்தான். ஏன் கேட்கிறான் என்பது அப்போதுதான் விளங்கியது. அவன் சொன்னதைப் பின்னர் கங்காணியிடமும், அன்று அங்கே நின்ற இரு பெண்களிடமும் தனித்தனியே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மரம் சீவுவது விடியலில். படம் பிடிக்கும் பொறிக்கு அந்த ஒளி போதாது. அதனால் வெயில் ஏறிய பிறகு, தோட்டத்து ஓரத்தில் வெளிச்சமுள்ள ஒரு மரத்தடியில் அவளை நிறுத்தினார்கள். அந்நேரத்தில் பால் சரியாக இறங்காது. ஆகவே காலையில் எடுத்த பாலை வாளியில் வைத்துக்கொண்டு, பட்டையில் சீவிய கோட்டில் ஊற்றி ஊற்றி வழியவிட்டார்கள். நான் தெளிவாக அமைந்துள்ளது என்று பாராட்டிய காட்சி அதுவே. வாளியுடன் நின்றவன் அவள் கணவன். பொறிக்கு ஒரு பக்கம் அவன். மறுபக்கம் துரையும், பிரம்புடன் கங்காணியும். பொறியைப் பார்க்கக் கூடாது என்பது அவளுக்கு இட்ட கட்டளை.

அப்போது கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு ஒன்பது நாளாகியிருந்தது. தாப்பா ஊரில் இருந்த அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்து இறந்துவிட்டது. போய்வருகிறேன் என்றவளை இவன் விடவில்லை. அன்றிலிருந்து அவள் சோறு வைப்பாள், வேலைக்குப் போவாள், ஒரு சொல் பேச மாட்டாள். படம் பிடித்த அன்றும் பேசவில்லை. பிறகு காய்ச்சல். ஆஸ்பத்திரியில் பெண்கள் கூடத்துக்குள் ஆண்களை விடமாட்டார்கள். நான்காம் நாள் போர்த்திக் கொண்டுவந்தார்கள்.

‘நீதான் பக்கத்தில் நின்றாயே. அவள் பார்த்தது உனக்குத் தெரியாதா?’ என்றேன்.

‘நான் தலைய நிமிரல, ஐயா. வாளியையே பாத்துக்கிட்டு நின்னேன். அவளே பேசட்டும்னு எனக்கும் ஒரு வீம்பு.’

பிறகு அவனே தொடர்ந்தான்:

‘கங்காணிக்குப் பயந்திருந்தா ஒரு தரம் பாப்பா. சரி, ரெண்டு தரம் பாப்பா. மூணாவது தரம் எதுக்கு ஐயா பாக்கணும்? அது பாத்த ஆள் வேற. அவளுக்குக் கோவம் தீந்துபோச்சு, ஐயா. நான்தான் பாக்காம விட்டுட்டேன்.’

அவன் கட்டியெழுப்பிய அனைத்தும் அந்த எண்ணின் மேல் நின்றது. அவள் ஒரு புறம் திரும்பியது எனக்கு நினைவிருந்தது. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. ‘இருமுறை’ என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியம் நொண்டியது. ‘பலமுறை’ தளர்ந்து கிடந்தது. ‘மூன்று முறை’ பொருந்தியது.

இதை அவனிடம் நான் சொல்லவில்லை.

‘எழுதுனவருக்கு ஒரு காகிதம் போடணும். எந்தப் பக்கம்னு மட்டும் கேட்டா போதும். நீங்க எழுதிக் குடுங்க ஐயா’ என்றான்.

எழுதினேன். தோட்டத்தில் எல்லார் கடிதத்தையும் எழுதித் தருபவன் நான்தான். மறுத்திருந்தால் காரணம் கேட்பார்கள். ‘மகாராசனா இருக்கணும்னு போடுங்க’ என்று அவன் சொன்னதைத் தாங்கள் நலமுடன் வாழ்க என்று மாற்றி எழுதினேன். அவன் மைதொட்டுப் பெருவிரலைப் பதித்தான். இதழாசிரியர் கடிதத்தை எனக்கே திருப்பி அனுப்பினார். வாசகருக்குச் சுவையான மறுமொழி ஒன்று தருமாறு ஓரத்தில் எழுதியிருந்தார். தந்தேன்:

‘செமோர்ப் புறத்து அன்பர் ஒருவர், அப்பெண் எப்புறம் நோக்கினாள் என்று வினவுகிறார். திரைக்கு வெளியே நின்றவர்களைத் தேடுவது நம் தொழிலன்று. நடிக்கத் தெரியாதவள் எப்புறம் நோக்கினும் படம் கெட்டதே.’

இதையும் ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் அமர்ந்து படித்தேன். இம்முறை நன்றாகவே சிரித்தார்கள். அவன் மட்டும் தலையை ஆட்டினான்.

‘கோவக்காரரு போல. ஆனாலும் என்னை மதிச்சுப் பதில் போட்டாரே, ஐயா’ என்றான்.

அதற்குள் ஈப்போவில் படம் மாறிவிட்டது. அடுத்துத் தைப்பிங்குக்குப் போயிருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். அவர் எதைக் கொண்டு சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை. அவன் கங்காணியிடம் ஒரு நாள் விடுப்புக் கேட்டுக் கெஞ்சி, செமோரில் ரயிலேறிப் போனான். மறுநாள் விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டுக்கு நனைந்த வேட்டியோடு வந்து நின்றான். மேற்பார்வைக் கணக்குப்பிள்ளை ஆள்கணக்கு எடுத்துக்கொண்டிருந்தபோதே லயத்து இளைஞர்கள் தொடங்கிவிட்டார்கள்.

‘என்னாண்ணே, அண்ணிய பாத்தீங்களா?’

‘மரமாச்சும் விசாரிச்சுச்சா?’

‘இல்ல தம்பி’ என்றான். ‘குதிரைதான் ஓடுச்சு. ஒரு வெள்ளக்காரன் சுட்டுக்கிட்டே போனான். நடுவுல நம்ம மரம் வருமோன்னு கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன். வெளிய நல்ல மழை.’

அன்றிலிருந்து அவனுக்கு மரத்துப் புருசன் என்று பெயர் ஆயிற்று. சிறுவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பெயருக்கு மூலம் என் வாக்கியம் என்பதில் எனக்கு அப்போது ஒரு சிறு பெருமை இருந்தது. இதை விட்டுவிட்டு எழுதினால் குறிப்பு பொய்யாகும்.

ஈப்போக் கொட்டகையில் சீட்டுக் கிழிப்பவரிடம் விசாரித்தேன். படச்சுருள் சிங்கப்பூரிலிருந்து வாடகைக்கு வந்தது, அங்கேயே திரும்பிவிட்டது என்றார். அந்தச் சிறு படத்தில் ஒரு பெண் இருந்தாளா என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

ரப்பர் விலை சரிந்து ஆட்களைக் குறைத்தபோது அவன் பெயரும் பட்டியலில் வந்தது. புறப்படுவதற்கு முந்திய நாள் வந்து, அந்தத் தாள் கிடைக்குமா என்று கேட்டான். வெட்டிக் கொடுத்தேன். இரு கையிலும் வாங்கினான்.

‘மூணு தரம்னு இருக்கே, அது எது, ஐயா?’

விரலால் காட்டினேன்.

‘ஒரு கோடு இழுத்துக் குடுங்க. எனக்குத் தெரியாதுல்ல. எங்கயாச்சும் யாருகிட்டயாச்சும் காட்டணும்னா அதைத்தான் காட்டணும்.’

அவன் முன்னாலேயே பேனாவை மையில் தொட்டு, அளவுகோல் வைத்து, ‘மூன்று முறை’ என்ற சொற்களின் கீழ் நேராகக் கோடிட்டேன். மை காயும் வரை ஊதிவிட்டு, மடித்து வேட்டி முடிச்சில் வைத்துக்கொண்டு போனான். அதன் பிறகு அவனை நான் பார்க்கவில்லை.

அறியாதவை இவை. அவள் துரையும் கங்காணியும் நின்ற பக்கம் பார்த்தாளா, வாளியுடன் இவன் நின்ற பக்கம் பார்த்தாளா என்பது எனக்குத் தெரியாது. எத்தனை முறை பார்த்தாள் என்பதும் தெரியாது. படச்சுருள் எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்பது தெரியாது. அந்த வரிகளை எழுதியவன் நான்தான் என்று அவன் எப்போதேனும் அறிந்தானா என்பதும் தெரியாது.