அரைச் சாண் வலது பக்கம்

வீட்டில் விற்க வேண்டிய சாமான் எவ்வளவோ கிடக்கிறது. கால் ஒடிந்த தையல் மிஷின், மூன்று பழைய மின்விசிறி, என் கணவர் எதற்கோ சேர்த்து வைத்திருக்கும் சைக்கிள் செயின்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு நான் விற்றது என் காற்றுத் துப்பாக்கியை. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

யாங்கோனில் பயா, அதாவது புத்தர் கோயில் திருவிழா நடக்கும் இடமெல்லாம் வரிசைக் கடைகள் போடுவார்கள். அதில் எங்களுடையது பலூன் சுடும் கடை. வீடு தாகேதாவில். கணவருக்குப் பகலில் பஸ் டிப்போவில் வேலை, திருவிழா நாட்களில் சாயங்காலம் கடைக்கு வந்துவிடுவார். பலூன் ஊதுவது அவர், சுட்டுக் காட்டிக் கூட்டம் சேர்ப்பது நான். கல்யாணமான புதிதிலேயே இப்படிப் பிரித்துக்கொண்டோம். அவருக்கு நுரையீரல் நல்ல பலம், எனக்கு வாயும் கையும்.

துப்பாக்கியை நான் புதிதாக வாங்கவில்லை. அதே வரிசையில் பலூன் கடை போட்டிருந்து, அதை மூடிவிட்டு ஊருக்குப் போன ஒரு பர்மியக் கிழவரிடம் வாங்கியது. கட்டை தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். கன்னத்தை வைத்தால் எனக்கென்றே செய்த மாதிரி உட்காரும். பதினெட்டு வருடம் அதை வேறு யாரையும் துடைக்க விட்டதில்லை. தேங்காயெண்ணெய் போட்டு நானே துடைப்பேன். “புருஷனுக்கு ஒருநாள் எண்ணெய் தேய்ச்சு விட்டிருக்கியா?” என்று அவர் கேட்பார். “நீங்க குறி தப்பாம சுடுங்க, தேய்ச்சு விடறேன்” என்பேன்.

இந்தத் தொழிலில் ஒரு திருட்டு வழக்கம் உண்டு. குழாய் நுனியில் குறி பார்க்கச் சின்னதாக ஒரு இரும்பு முனை இருக்கும். அதைச் சுத்தியலால் லேசாக ஒரு பக்கம் தட்டிவிடுவார்கள். அப்புறம் வாடிக்கைக்காரர் எவ்வளவு கவனமாகக் குறி பார்த்தாலும் குண்டு பலூனைத் தொடாமல் போகும். பொம்மையும் சோப்புப் பெட்டியும் கடையிலேயே இருக்கும். நான் அப்படித் தட்டியதே கிடையாது. அதில் எனக்குப் பெரிய கர்வம். “என் துப்பாக்கி தட்டாத துப்பாக்கி” என்று வரிசை முழுவதும் கேட்கும்படி சொல்லுவேன். பத்துக் குண்டு போட்டும் ஒன்றுகூட விழாதவர்களைப் பார்த்து, “துப்பாக்கியைக் குறை சொல்லாதே, கண் டாக்டரிடம் போ” என்று பர்மியில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் கண் முன்னால் நானே அதை வாங்கி ஒரே குண்டில் பலூனை உடைத்துக் காட்டுவேன்.

அதனால் எங்கள் வரிசையில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. சாயங்காலம் விளக்குப் போட்டதும் யாரும் உடனே வியாபாரம் தொடங்கமாட்டார்கள். நான் முதல் பலூனைச் சுட வேண்டும். அது வெடித்தால்தான் போணி. ஒரு வருடம் தற்செயலாக அப்படி நடந்து, அன்றைக்கு எல்லோருக்கும் நல்ல வியாபாரம் ஆனதால் ஒட்டிக்கொண்ட பழக்கம் என்பது என் கணக்கு. பக்கத்தில் வளையம் வீசும் கடை வைத்திருக்கும் ஊலே, அதாவது பர்மியப் பெரியவர், “சுடு, சுடு, எண்ணெய் காயுது” என்று பலகாரக்கடைக்காரிக்கும் சேர்த்து அவசரப்படுத்துவார். நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

கொரோனாவுக்கு முந்தைய வருடம் தாமுவேயில் கடை போட்டிருந்தபோது ஆற்றுக்கு அக்கரையில் டாலாவிலிருந்து ஒருவர் வந்தார். நம்ம தமிழ் ஆள்தான், வாத்து வளர்ப்பவர். தமிழ் கொஞ்சம் கொச்சையாகத்தான் வந்தது. நான் வரிசையாக ஏழு பலூன் உடைத்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

“அக்கா, காக்கா வந்து வாத்துக் குஞ்சைத் தூக்கிட்டுப் போவுது. சத்தம் காட்டி வெரட்டணும். இந்தத் துப்பாக்கியைக் குடுங்கக்கா. இப்புடி ஒரு துப்பாக்கிய நான் பாத்ததே இல்ல.”

புகழ்ந்தால் நான் உச்சி குளிர்ந்து போகிற ஆள். சுடுவது நான்தானே, துப்பாக்கியில் என்ன இருக்கிறது, கறுப்பாகப் பளபளக்கும் புதுத் துப்பாக்கி ஒன்று வாங்கினால் இன்னும் நன்றாகச் சுடுவேன் என்று தோன்றியது. கணவர் பலூனை வாயில் வைத்துக்கொண்டே வேண்டாம் என்று தலையாட்டினார். நான் கேட்கவில்லை.

அடுத்த திருவிழாவின் முதல் நாள். விளக்குப் போட்டார்கள். புதுத் துப்பாக்கியைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, சுட்டேன். பலூன் அசையாமல் நின்றது. பலகாரக்கடையில் எண்ணெய் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. “யாபாதே, யாபாதே” என்று பரவாயில்லை சொன்னார் ஊலே. அன்றைக்குப் பார்த்து மழை கொட்டி ஒருவருக்கும் வியாபாரம் இல்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் விளக்குப் போட்டதும் ஊலே தன் வளையம் ஒன்றை எடுத்து வீசிப் போணி பண்ணிவிட்டு, என் பக்கம் பார்க்காமல் வேலையைத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

வீட்டுப் பக்கத்துச் சந்துக்குள் ஆறு வாரம் சுட்டுப் பழகினேன். குண்டு ஒன்றும் பலூனில் படவில்லை. புதுத் துப்பாக்கிதான் சரியில்லை என்று முடிவு செய்து, பழையதைத் திருப்பி வாங்கிவர ஃபெர்ரி ஏறி டாலாவுக்குப் போனேன். துறையிலிருந்து சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் முதுகு கழன்றுவிட்டது.

வாத்துக்காரர் என்னைப் பார்த்ததும் பூரித்துப்போனார். தேத்தண்ணி வந்தது, அவித்த வாத்து முட்டை வந்தது. துப்பாக்கியையும் கொண்டுவந்து மடியில் வைத்தார். கட்டையைத் தொட்டதும் மனசு லேசாகிவிட்டது. வேலியில் கவிழ்த்திருந்த டப்பா ஒன்றைக் குறி வைத்துச் சுட்டேன். படவில்லை. இன்னொன்று போட்டேன். அதுவும் வலது பக்கமாகப் போய் வாழை மட்டையில் அடித்தது. வாத்துகள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“அக்கா, அது முன்னாடி மாதிரி இல்லக்கா. நான் சரி பண்ணிட்டேன்” என்றார் அவர்.

“என்ன சரி பண்ணீங்க?”

“முனை கோணலா இருந்துச்சு. யாரோ தட்டி வச்சிருக்காங்க. நம்ம வெல்டிங் கடையில குடுத்து நிமுத்திட்டேன். உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல.” அப்புறம் என்னை மிகவும் பரிதாபமாகப் பார்த்தார். “பாவம்க்கா நீங்க. இத்தினி வருசம் இந்தக் கோணல் துப்பாக்கிய வச்சுகிட்டு எப்படித்தான் பொழச்சீங்களோ.”

வாயில் இருந்த முட்டையை விழுங்கிவிட்டு முனையைத் தடவிப் பார்த்தேன். கிழவர் தட்டி வைத்திருந்ததைத்தான் நான் வாங்கியிருக்கிறேன். முதல் சில நாட்களிலேயே என் கை தானாக அரைச் சாண் வலது பக்கம் தள்ளிப் பிடிக்கப் பழகிவிட்டது. அது எனக்கே தெரியவில்லை. கண் டாக்டரிடம் அனுப்பிவைத்த முகங்களெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒரு ஆசாமி பொண்டாட்டி முன்னால் அவமானப்பட்டுப் போனானே, அவனும் ஞாபகத்தில் வந்தான்.

“நீங்களே வச்சுக்குங்க, தம்பி” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நான் தேடி வந்த துப்பாக்கி டாலாவிலும் இல்லை, எங்கேயும் இல்லை. ஃபெர்ரியில் உட்கார்ந்து பாதி ஆறு வரை வருத்தப்பட்டேன். மீதி ஆறு வரை சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த காய்கறிக்காரி கூடையை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

அடுத்த திருவிழாவில் கடை கட்டி முடித்ததும் நேராக ஊலேயிடம் போனேன். மனசில் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. “என் பழைய துப்பாக்கி தட்டின துப்பாக்கி. பதினெட்டு வருசம் சனங்களை ஏமாத்தியிருக்கேன். எனக்குத் தெரியாது” என்று பர்மியில் சொன்னேன்.

அவர் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்குத் தெரியாதா?”

“உங்களுக்குத் தெரியுமா?”

“இந்த வரிசைக்கே தெரியும். கிழவர் தட்டினப்போ சுத்தியல் குடுத்ததே நான்தான். அவராலேயே அதுல ஒரு பலூன் உடைக்க முடியாது. நீ வந்து ஒரே குண்டுல உடைச்சே. அதைப் பாத்துத்தான் முதல் குண்டு உன்னோடதுன்னு வச்சோம். தட்டாத துப்பாக்கின்னு நீ கத்தறப்போ, என்ன தைரியம் இவளுக்குன்னு நெனச்சுக்குவோம்.”

பலகாரக்கடைக்காரி கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். என் கணவர் பலூனுக்குள்ளேயே சிரித்ததில் அது கைநழுவிப் பறந்து போனது. அவருக்கும் தெரிந்திருக்கிறது! “எண்ணெய் தேய்க்கிறப்போ நீயே பாத்திருப்பேன்னு இருந்துட்டேன்” என்றார். அவரை அப்புறம் வீட்டில் வைத்துக் கவனித்துக்கொண்டேன்.

விளக்குப் போட்டார்கள். ஊலே வளையத்தை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இது நேர் துப்பாக்கி. எனக்கு வராது” என்றேன்.

“வராட்டி வராம போவட்டும். நீ சுடு. எண்ணெய் காயுது.”

வரிசை முழுக்கக் கைவேலையை நிறுத்திவிட்டுத் திரும்பியிருந்தது. நேராகப் பிடி, நேராகப் பிடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நடுவில் இருந்த மஞ்சள் பலூனைக் குறி வைத்துச் சுட்டேன். அதற்கு வலது பக்கம் இருந்த சிவப்பு பலூன் படாரென்று வெடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள், எண்ணெயில் முதல் பலகாரம் விழுந்தது, ஊலே தன் வளையங்களைக் குலுக்கிக்கொண்டு ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்தார். நான் எதைக் குறி வைத்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.