சுறா எண்ணெய் பூசிய பிக்கப்

கடந்த சனிக்கிழமை காலை, கல்பிட்டி மீன் சந்தையைத் தாண்டும்போது என் பிக்கப்புக்குப் பின்னால் பதினொரு பூனைகள் வந்தன.

மிகைப்படுத்தவில்லை. கண்ணாடியில் பார்த்து எண்ணினேன். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள் — எண்ணிக்கையில் பிழை விடமாட்டேன். முன்னால் ஒரு கறுப்புக் கடுவன், பின்னால் அதன் ஜமாஅத். சந்தையில் நின்றவர்கள் மீனுக்கு விலை பேசுவதை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். பக்கத்துச் சீட்டில் இருந்த என் கணவர் மட்டும் தெருவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்... தனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத மாதிரி.

சம்பந்தம் முழுக்க அவருடையதுதான். சொல்கிறேன்.

"பென்ஷன் எடுத்த பிறகு என்ன டீச்சர் செய்றீங்க?" என்று வழியில் காண்கிறவர்கள் கேட்கிறார்கள். பிக்கப் திருத்துகிறேன் என்றால் சிரிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இதைக் 'கெப்' என்பார்கள். பழைய ஜப்பான் ஃபோர்-வீல் வண்டி, நாலு சில்லும் இழுக்கும். ஐம்பத்தெட்டு வயதில், ஸ்கூட்டியைத் தவிர வேறொன்றும் உருப்படியாக ஓட்டத் தெரியாத ஒரு பெண் இதை ஏன் வாங்கினாள்?

அதற்கு என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இவர் கரைவலைச் சம்மாட்டி. கரையில் நின்று ஆட்கள் கயிற்றால் இழுக்கும் அந்த வலையும் வாடியும் இவருடையது. பள்ளிவாசல்துறைக்கு அப்பால், மணல் மேடுகளைத் தாண்டிக் கடலோரத்தில் அந்த வாடி — நாலு தடி, மேலே தென்னோலைக் கிடுகு, உள்ளே வலையும் கயிறும் ஆட்களும். சீசன் தொடங்கினால் ஆறு மாதம் இவருக்கு வீடு அதுதான். கரையில் நின்று இவர் போடும் சத்தம் கடலில் தோணியில் இருப்பவனுக்குக் கேட்கும். ஏச்சுக்குப் பேர்போன மனுஷன். வீட்டிலும் அப்படித்தான். முப்பத்திரண்டு வருடமாக நாங்கள் சண்டை பிடிக்காத நாள், ஒருவர் ஊரில் இல்லாத நாளாகத்தான் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கை திரும்பி வந்தது. கால் பாதிதான் வந்தது. பேச்சு முழுதாக வந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார்.

வந்தது யாரோ ஒருவருடைய பேச்சு. "ஏலுமெண்டா கொஞ்சம் தண்ணி தாங்க." கொடுத்தால், "ஜஸாக்கல்லாஹ்." சோறு குழைந்தாலும் நல்லம், கறி கருகினாலும் நல்லம். இதைவிட ஒரு பெண்ணுக்கு வேறென்ன வேண்டும் என்று நினைப்பீர்கள். எனக்குப் பயமாக இருந்தது. வாசல் கதிரையில் யாரோ ஒரு மரியாதையான விருந்தாளி வந்து தங்கியிருப்பதுபோல இருந்தது. எப்போது எழுந்து போய்விடுவாரோ என்ற பயம்.

இந்த இரண்டு வருடத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"வாடிய ஒருக்காப் பாக்கணும்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஏலாட்டிப் பரவாயில்ல."

அந்தப் 'பரவாயில்ல'தான் என்னை உலுப்பிவிட்டது.

எப்படிக் கொண்டுபோவது? அந்த மணலில் ஆட்டோ போகாது. தோணியில் போகலாமென்றால், அலையில் இறங்கி ஏறக் கால் வேண்டும். இப்போது வலையைப் பார்த்துக்கொள்வது இவருடைய தம்பி நஸார். அவர் டிராக்டர் பெட்டியில் ஏற்றிப் போகலாம் என்று கொண்டுவந்து நிறுத்தினார். மீன் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பாய் விரித்திருந்தது. இவர் அதைப் பார்த்தார். "பரவாயில்ல தம்பி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எந்தச் சம்மாட்டி மீன் பெட்டியோடு பெட்டியாகத் தன் வாடிக்குப் போவார்?

அதற்குப் பிறகு நஸார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்று சொன்னார். "மதினி, கடல் அரிச்சிக்கிட்டு வருது. கச்சான் காத்துக்கு முன்னுக்கு வாடியப் பிரிச்சாகணும். அடுத்த சீசனுக்கு அந்த எடத்துல போட ஏலா. அங்க தரையே இரிக்காது."

அதாவது, தென்மேற்குக் காற்று தொடங்கி இந்த சீசன் போனால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

அடுத்த வாரமே பிக்கப் தேடத் தொடங்கிவிட்டேன்.

கிடைத்தது, உப்பளத்தில் எட்டு வருடமாக நின்ற ஒரு சாமான். உப்பு ஏற்றி ஏற்றியே துருப்பிடித்து, கறள் தின்ற வண்டி. பாலாவியில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் சுனில் பாஸ் அதைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார். கதவு கையோடு வந்தது. அதை மெதுவாகச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இது வாகனம் இல்ல. உப்புக் கட்டி."

"ஓடுமா பாஸ்?"

"எஞ்சின் நல்லம். மத்த எல்லாம் போயிட்டுது."

எங்கள் இரண்டு பேரில் ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. வாங்கிவிட்டேன்.

ஐந்து மாதம் வேலை நடந்தது; அதற்குள் நானும் ஓட்டப் பழகிக்கொண்டேன். இவரையும் கராஜுக்குக் கூட்டிப்போய் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்திவிடுவேன். கிளச், ரேடியேட்டர், பிரேக் குழாய் என்று சுனில் பாஸ் ஒவ்வொன்றாகக் கழற்றுவார். நான் சாமான் தேடி சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் அலைவேன். இவர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் உள்தரையின் தகட்டைச் சுரண்டினால், சுரண்டச் சுரண்டத் தகடு முடிந்து நிலம் தெரிந்தது. என்ன செய்வதென்று நாங்கள் நிற்கும்போது கதிரையிலிருந்து ஒரு குரல்.

"தோணிக்கு மாதிரி பைபர் அடிச்சா என்ன?"

சுனில் பாஸ் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இவர் தானாக வாய் திறந்து ஒரு யோசனை சொல்லி எத்தனை மாதம்! யாருக்கு மனம் வரும் மறுக்க? தோணிக்கு பைபர் அடிக்கும் ஆள் வந்தார். அடித்தார். இன்றைக்கும் கல்லுப்போல இருக்கிறது அந்தத் தரை.

அது சரிவந்ததுதான் வினை. ஒரு வாரம் கழித்து அடுத்த யோசனை வந்தது. "அடிப்பக்கம் உப்புக் காத்துக்குத் தாங்கணுமே... மரத் தோணிக்குப் பூசுற சுறா எண்ண பூசினா?"

சுனில் பாஸ் என்னை வெளியே கூட்டிப்போனார். "டீச்சர், கறள் பிடிக்காமப் பூச கடையில நல்ல சாமான் இரிக்கி. மணம் இல்ல. இது மணக்கும். சும்மா மணம் இல்ல... சாமி, மணக்கும்."

"தெரியும் பாஸ். ஆனா அவர் கேட்டுட்டார்."

சுனில் பாஸுடைய தகப்பனும் கடைசிக் காலத்தில் இப்படி ஒரு கதிரையில் இருந்தவராம். "ஹரி டீச்சர்" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "பூசுவம்." இரண்டு வாளி பூசினோம். அன்றிலிருந்து கராஜுக்கு வந்த மற்ற வாடிக்கையாளர்கள் தெருவில் நின்றே பேசினார்கள். பூனைகள் உள்ளே வந்தன.

போன சனிக்கிழமை விடிய, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு புறப்பட நின்றோம். இவர் பின்பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"பாரம் இல்லாத தோணி ஆடும். எட்டு மூட்ட மணல் போட்டாத்தான் நிண்டு போகும்."

கணித ஆசிரியைக்குத் தெரியாதா, மணலில் பாரம் கூடினால் என்ன நடக்குமென்று? தெரியும். சுனில் பாஸ் பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனாலும் பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். எட்டு மூட்டை ஏறியது. மணலுக்குப் போகிற வண்டியில் மணல் ஏற்றிக்கொண்டு போனவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருக்கும்.

பிஸ்மில்லாஹ் சொல்லிக் கிளம்பினோம். சந்தையில் பூனை ஊர்வலம். தாண்டினோம்.

அந்த பிக்கப்பை ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனமில்லை. ஸ்டியரிங் அம்மிக்கல். இரண்டாம் கியருக்குக் கெஞ்ச வேண்டும். ஹோர்ன், இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் அடிக்கும். ஆனால் தார் ரோட்டு முடிந்து மணல் தொடங்கிய இடத்தில் இறங்கி, முன் சில்லு இரண்டிலும் உள்ள குமிழைக் கையால் திருப்பிப் பூட்டி, திரும்ப ஏறி, நாலு சில்லையும் இழுக்கவைக்கும் அந்தக் குட்டிக் கியரை இழுத்தேன் பாருங்கள்... உறுமிக்கொண்டு முதல் மேட்டில் ஏறியது! ஜன்னலால் கடல் காற்று அடித்தது. "மாஷா அல்லாஹ்!" என்று நான் கத்தினேன். இவர் முகத்தில் ஏதோ அசைந்தது.

இரண்டாவது மேட்டில், பின்பக்கம் அப்படியே மணலுக்குள் குந்திவிட்டது.

முடுக்கினேன். இன்னும் இறங்கியது. அச்சுவரை மணல். தூரத்தில் வாடியின் கிடுகுக் கூரை தெரிகிறது. கண்ணுக்கு எட்டியது, காலுக்கு எட்டாது. இவர் அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பரவாயில்ல. பாத்தாச்சி தானே. திரும்புவம்."

அந்தச் சொல்லைக் கேட்கவா ஐந்து மாதம் கறளோடு மல்லுக்கட்டினேன்? ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு நஸாருக்கு போன் எடுத்தேன்.

வலை இன்னும் போடவில்லையாம்; டிராக்டர் டவுனுக்குப் போயிருந்ததாம். வாடியில் இருந்த வலை ஆட்கள் இருபத்திரண்டு பேரும் கரைவலைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். நஸார் நேரே பின்பக்கம் போனார். மூட்டைகளைக் கண்டார்.

"யா அல்லாஹ்! எந்த மடையன் இத ஏத்தினது?"

நான் நஸாரைப் பார்த்துத் தலையை இடம் வலமாக ஆட்டினேன், கண்ணைக் காட்டினேன்... பேசாதே என்று. உள்ளேயிருந்து பதில் வந்தது.

"நான்தான்டா அந்த மடையன்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு எல்லாரும். திரும்பிப் பார்த்தால் இவருடைய தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது.

மூட்டைகளை இறக்கினார்கள். முன்னால் கயிற்றைக் கட்டினார்கள். நான் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். வலை இழுக்கிற அதே வரிசையில் நின்று, வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவை நஸார் எடுத்துக்கொடுக்க, இருபத்திரண்டு பேரும் இழுத்தார்கள். வண்டி அசையவில்லை. திரும்ப இழுத்தார்கள். கயிறு விறைத்தது. கால்கள் மணலில் புதைந்தன. ஊஹூம்.

அப்போதுதான் என் காதுக்குப் பக்கத்தில் இடி விழுந்தது.

"பிரேக்குல இருந்து கால எடு மடச்சி! இருபது பேர் உசிரக் குடுத்து இழுக்கிறானுகள், நீ மிதிச்சிக்கிட்டு இரிக்கிறாய்!"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். என் வலது கால் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது.

காலை எடுத்தேன். ஆனால் வாயை மூட முடியவில்லை.

"முன்னுக்கு நிக்கிற ஆளுகளுக்கு மேல ஏறிரும் எண்ட பயத்துலதானே மிதிச்சன்! அத மெதுவாச் செல்ல ஏலாதா?"

"மெதுவாச் சென்னா ஒனக்கு எப்பவாவது வெளங்கியிரிக்கா?"

"நீங்க எப்பவாவது மெதுவாச் செல்லியிரிக்கீங்களா?"

கயிற்றுக்காரர்கள் இழுப்பதை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். இவர் ஜன்னலால் பாதி உடம்பை வெளியே போட்டார். "என்ன பாக்கிறியள்? கூத்தா காட்டுறம்? இழுங்கடா!"

இழுத்தார்கள். பிக்கப் அசைந்தது. நாலு சில்லும் இழுக்கும் என்று சொல்லி வாங்கிய வண்டியை, இருபத்திரண்டு ஆட்கள் இழுத்துக்கொண்டுபோய்க் கரைசேர்த்தார்கள். வழி முழுக்க இவர் ஏச்சு. வலப்பக்கம் பிடி என்று எனக்கு, கயிறு தொய்யுது என்று அவர்களுக்கு, கூரையில் கிடுகு கலைந்து கிடக்குது, பார்க்க மாட்டியா என்று நஸாருக்கு. பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் வாடியில் இருந்தார். ஒரு நிமிடம் வாய் ஓயவில்லை.

ஆட்கள் திரும்ப இழுத்துத் தார் ரோட்டில் விட்ட பிறகு, ஒன்றை யோசித்துக்கொண்டே ஓட்டினேன். இரண்டு வருடமாக இவர் சொன்னதற்கெல்லாம் நாங்கள் தலையாட்டினோம். நான், நஸார், சுனில் பாஸ், ஊர், எல்லாரும். சுறா எண்ணெயா, சரி. மணல் மூட்டையா, சரி. அன்பில்தான் செய்தோம். ஆனால் தன்னோடு முட்டிப் பேச ஒருவரும் இல்லையென்றால், ஒரு மனுஷன் வேறென்ன செய்வான்? மெல்ல மெல்ல விருந்தாளியாகிவிடுவான். அன்றைக்கு நஸார் தெரியாமல் 'மடையன்' என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நான் கடன்பட்டவள்.

நேற்றுக் கறியில் உப்புக் கூடவாம். தெருவுக்குக் கேட்க ஏசினார். நானும் விடவில்லை. அல்ஹம்துலில்லாஹ்!