ஆடியில் வெளுத்த தகடு

“மதாம் போய்ட்டாங்க சார்” என்று கம்பவுண்டர் தொலைபேசியில் சொன்னபோது, மாடியில் வைப்பதற்காகக் கண்ணாடித் தகட்டில் வாஸ்லின் தடவிக்கொண்டிருந்தேன். தகட்டை வைத்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

நெல்லித்தோப்பில் மூக்கடைப்போடு அலைந்த நம் எல்லோருக்கும் டாக்டர் செலின் மதாமைத் தெரியும். அவருக்கும் அலர்ஜி. நோயாளியின் எதிரிலேயே தும்மிவிட்டு, பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டபடி, “பார்தோன். நீங்க சொல்லுங்க, என் மூக்கும் கேட்டுக்கிட்டுதான் இருக்கு” என்பார்.

தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற என்னிடம், நம் தெருக் காற்றில் எந்த மகரந்தம் பறக்கிறது என்று பார்க்கச் சொன்னார். முதல் தகட்டில் ஒட்டிய மகரந்தம் குறைவு. என் முறையில் பிழை போலிருக்கிறது என்றேன். நுண்ணோக்கியில் குனிந்தவர், “பூவை விடுங்க சார். இந்தக் கறுப்பைப் பாருங்க” என்றார்.

முகூர்த்தங்கள் இல்லாத ஆடியில் தகடு வெளுத்தது. ஆவணி பிறந்ததும் கறுத்தது. எதிரே கல்யாண மண்டபத்தின் டீசல் ஜெனரேட்டர். “மகரந்தம் மட்டும்னா நாலு தும்மலோட போயிடும். இந்தக் கரி உள்சவ்வைப் புண்ணாக்குது. அப்புறம் அதே மகரந்தம் ரெட்டிப்பா வேலை காட்டும்” என்றார் மதாம்.

தெருக்கூட்டத்தில் மண்டப உரிமையாளர் சிரித்தார். “உங்க மூக்கு வீக்கு மதாம். அதுக்காக ஊர்ல கல்யாணமே நடக்கக் கூடாதா?”

“மூக்கு என்னோடது, ஒத்துக்கறேன். புகை யாரோடது?”

மறுவாரம், அலர்ஜிக்குக் காரணம் என்று தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டினார்கள். ஆடியில் தகடு வெளுத்தபோதும் ஆவணியில் கறுத்தபோதும் அந்த மரம் அங்கேயேதான் நின்றது. வெட்டியவர்களுக்கு நம் மூக்கின்மேல் அக்கறையாம். வெட்கமில்லை.

சென்ற ஞாயிறு அதே மண்டபத்தில் இரங்கல் கூட்டம். மின்சாரம் போய், மதாம் படத்துக்குப் பின்னால் ஜன்னலோரம் ஜெனரேட்டர் உறுமியது. உரிமையாளர் மைக்கில் அவரைப் புகழ்ந்துகொண்டே இருந்தார். முன்வரிசையில் ஒரு சிறுமி தும்மத் தொடங்கினாள். அவளால் நிறுத்த முடியவில்லை.

கூட்டத்தில் பேச எனக்கு எப்போதும் பயம். எப்படி எழுந்தேனோ, “அதை நிறுத்துங்க” என்றேன்.

“மைக் போயிடும் சார்.”

“போகட்டும்.”

மின்விசிறிகள் நின்றன. வியர்த்தபடி அமர்ந்திருந்தீர்கள், ஒருவரும் எழுந்து போகவில்லை. சொல்ல நினைத்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. “புகை யாரோடது?” என்று மட்டும் கேட்டேன்.

மதாமிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியும், ஆடியில் வெளுத்தது, ஆவணியில் கறுத்தது என இரண்டு தகடுகளும்தான். அடுத்த முகூர்த்தத்தன்று அவற்றோடு மண்டப வாசலில் நிற்கப்போகிறேன். தனியாக நிற்கப் பயமாக இருக்கிறது. முடிந்தவர்கள் வாருங்கள்.