மூன்று புள்ளி கூடிய மூளை

வெண்டல் கோவாரிக்கின் மூளை நல்ல நிலையில் இருக்கிறது. நான் சொல்லவில்லை, தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து லீக்கின் நல வாரியம் முத்திரை குத்திச் சொல்லியிருக்கிறது. கல்லூரியில் சேர்ந்தபோது இருந்ததைவிட மூன்று புள்ளி கூடுதலாம். நெப்ராஸ்காவின் இந்த மூலையில் தலையில் அடி வாங்கியே அறிவு வளர்ந்த ஒரே மனிதன் அவன்தான். அப்படிப்பட்டவனின் வரலாற்றை எழுதாமல் விடலாமா?

சோளம் விளைவித்த குடும்பம். பையன் பந்தை எறிந்தால் அறுபது கெஜம் போகும். கல்லூரி அவனைக் குவார்ட்டர்பேக் ஆக்கியது. அதாவது, பந்தை யாருக்கு எறியலாம் என்று அவன் யோசிக்கும் மூன்று வினாடிக்குள், ஆளுக்கு நூற்றிருபது கிலோ எடையுள்ள நான்கு பேர் அவனை மண்ணில் புதைக்க ஓடிவருவார்கள். அதனால் அவன் மூளையைக் கல்லூரி ஆகஸ்ட் மாதமே அளந்து வைத்தது. கணினியில் சொற்களைக் காட்டி மறைத்து, எவை ஞாபகம் இருக்கின்றன என்று கேட்பார்கள். பின்னால் தலையில் அடிபட்டால் மறுபடி அதே தேர்வு. மதிப்பெண் குறைந்தால் ஆட்டம் கிடையாது.

தேர்வு அறை வாசலில் பயிற்சியாளர் ராய்ஸ் டன்லீவி அவனை நிறுத்தினார்.

“டேய் வெண்டல், உள்ள போய் பெரிய அறிவாளி மாதிரி எல்லாத்தையும் சரியா அமுக்கிட்டு வராதே.”

“ஏன் கோச்?”

“இப்ப நூறு வாங்கினா, அக்டோபர்ல அடிபட்டு எழுபது வாங்குவே. பெஞ்சுல உக்காருவே. இப்பவே அறுபது வாங்கி வை. அப்புறம் எவன் உன்னை நிறுத்துறான்னு பாப்போம்.”

அறுபத்தொன்று வாங்கினான். அன்று அந்த அறையில் எல்லோருக்கும் அறுபதையொட்டித்தான் வந்தது. மருத்துவர் சந்தேகப்படவில்லை. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையானால் அவரும் அணியின் சட்டையைப் போடுகிறவர்தானே.

நான்கு பருவங்களில் ஐந்து முறை நினைவு தப்பி விழுந்தான். ஐந்து தேர்விலும் தேறினான். ஒரு முறை எழுந்தவன் நேராக எதிர் அணியின் கூட்டத்தில் போய் நின்று, அடுத்து என்ன செய்வது என்று கேட்டான். எழுபதாயிரம் பேர் சிரித்துக் கை தட்டினோம். என் கையும் அதில் உண்டு.

பிறகு தொழில்முறை ஆட்டம். ஐந்து வருடம், மூன்று அணிகள். பெரும்பாலும் மாற்று ஆளாகத் தலையில் தொப்பியும் கையில் ஆட்டக் குறிப்பு அட்டையுமாக ஓரத்தில் நின்றான். இறக்கிவிட்ட ஒன்பது ஆட்டங்களிலும் நன்றாக அடி வாங்கினான். கடைசி அடிக்குப் பின் எந்த அணியும் கூப்பிடவில்லை. ஊர் திரும்பி விதைக் கம்பெனியில் சேர்ந்தான்.

நாற்பது வயதில் ஒருநாள், சொந்த வீட்டைத் தாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டே போய், பக்கத்து மாநிலமான அயோவாவின் எல்லையிலிருந்து மனைவியைப் போனில் கூப்பிட்டான்: “மார்னி, நம்ம வீட்டை யாரோ எடுத்துட்டாங்க.”

லீக் சிகிச்சை தர வேண்டுமென்றால், ஆட்டத்தால்தான் மூளை கெட்டது என்று வாரியம் ஒப்புக்கொள்ள வேண்டும். வாரியம் அளந்தது. அறுபத்துநான்கு. சேதமில்லை, வாழ்த்துகள் என்று எழுதியது. கல்லூரித் தேர்வில் வேண்டுமென்றே குறைத்து வாங்கினார் என்று மார்னி முறையிட்டாள். அன்று ஏமாற்றியவர் இன்றும் ஏமாற்றலாமே, சாட்சி உண்டா என்று கேட்டது வாரியம்.

சாட்சி டன்லீவி ஒருவர்தான். மைதான வாசலில் வெண்கலச் சிலையாக நிற்கிறார். வெள்ளிக்கிழமை காலைகளில் மட்டும் உயிரோடு வந்து எங்கள் அணி ஆதரவாளர் சங்கத்து விருந்தில் பன்றிக்கறி தின்கிறார். மார்னி கணவனை அங்கே கூட்டிக்கொண்டு போனாள்.

“கோச், அன்னைக்கு நீங்க சொன்னதை ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. அது போதும்.”

“என்னம்மா சொன்னேன்? இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே.”

“உங்களை யாரும் தலையில அடிக்கலையே கோச்?”

அப்போது வெண்டல் வாய் திறந்தான்.

“அறுபது வாங்கி வைன்னு சொன்னீங்க. கையில பாதி கடிச்ச டோனட். சர்க்கரை உங்க விசில் மேல கொட்டிக் கிடந்துச்சு.”

டன்லீவி மேசையைத் தட்டிச் சிரித்தார். “பாத்தீங்களாடா! டோனட் வரைக்கும் ஞாபகம் வச்சிருக்கான்! இவனுக்கா மூளை கெட்டுப் போச்சு?”

மேசை முழுதும் கை தட்டியது. இந்த முறை என் கை தட்டவில்லை. இருபது வருடம் தாமதமாக வந்த வீரம், யாருக்கும் பயன்படவில்லை.

மறு வாரம் டன்லீவி யாரும் கேட்காமலேயே வாரியத்துக்கு எழுதினார். தம் பழைய மாணவனின் ஞாபகசக்தி அபாரமானது என்றும், அதைத் தாமே நேரில் கண்டதாகவும். நகல் வீட்டுக்கும் வந்தது. மார்னி பல்லைக் கடித்துக்கொண்டு அதை உரக்கப் படித்தாள். வெண்டல் கடைசி வரி வரை மரியாதையாகக் கேட்டான்.

“நல்ல மனுஷனா இருக்காரே,” என்றான். “யாரு இவரு?”