விளக்குக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் காருக்கென்று தனியாக ஒரு நோட்டு இருந்தது. ஆயில் மாற்றிய தேதி, அப்போது வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர், எந்த டயர் எப்போது போட்டது, எல்லாம் அதில் இருக்கும். எழுதுவது அம்மா. நான் எந்த வகுப்பில் படிக்கிறேன் என்று கேட்டால் அப்பா கொஞ்சம் யோசிப்பார். அம்மா காருக்கு ஏர் ஃபில்டர் மாற்றிய நாளைக்கூட யோசிக்காமல் சொல்லிவிடுவாள்.

அம்மா கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளியில் டீச்சர். கார் வருவதற்கு முன் விடிந்ததும் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, பெரும்பாலும் நின்றுகொண்டேதான் போவாள். எனக்குத் தலை பின்னுவது அப்பாவின் வேலையாக இருந்தது. ஒரு ஜடை மலையைப் பார்க்கும், இன்னொன்று பஸ் ஸ்டாண்டைப் பார்க்கும். அம்மா ஒரு பழைய காரை வாங்கி, ஓட்டவும் கற்றுக்கொண்ட பிறகுதான் என் தலைக்கு விமோசனம் கிடைத்தது. அந்தக் காரின் மீது எனக்கு இருந்த பிரியத்தில் பாதி சுயநலம்தான்.

பெரியப்பாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்தா ஒரு வருஷம் தாங்காது, பாரு" என்று வரும்போதெல்லாம் அப்பாவிடம் சொல்வார். அதற்காகவே அம்மா ஞாயிறு தவறாமல், இஞ்சின் சூடாவதற்கு முன்பே ஆயில் பார்ப்பாள். நீளக் கம்பியை உருவி, பழைய வேட்டித் துணியில் துடைத்து, மறுபடியும் உள்ளே விட்டு எடுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் நிற்கிறதா என்று என்னிடமும் காட்டுவாள். நான் பெரிய மனுஷி போலத் தலையாட்டுவேன்.

எனக்கு ஏழு வயதில் வந்த ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவிவிட்டு, சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என் கையில் கொடுத்தார்கள். கை போன இடத்திலெல்லாம் வைத்தேன். ஸ்டியரிங், கியர், வைப்பர், எதையும் விடவில்லை. பாட்டுப் போட அப்பா சாவியைத் திருப்பியபோது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாகச் சின்ன விளக்கு ஒன்று எரிந்தது. நிஜ விளக்கு மாதிரியே மூக்கு, கைப்பிடி, மூக்கில் ஒரு சொட்டு எண்ணெய்கூட. காருக்குள்ளேயே சாமி விளக்கு வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. இருப்பதிலேயே பெரிய பொட்டாக அதற்குத்தான் அப்பினேன். பூஜையில் வைத்த பொட்டை எங்கள் வீட்டில் யாரும் துடைக்க மாட்டார்கள், அதுவாக உதிர வேண்டும். அம்மாவும் பார்த்தாள், விட்டுவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவுக்கு ஸ்பெஷல் கிளாஸ். நானும் தொற்றிக்கொண்டேன். ரோடு வேலை நடந்த இடத்தில் காரின் அடியில் ஒரு கல் 'டங்' என்று இடித்தது. அம்மா இறங்கிக் குனிந்து பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் இஞ்சின் கடகடவென்று கத்தி, அப்படியே நின்றுவிட்டது.

போன் செய்ததும் வந்த மெக்கானிக் கம்பியை உருவினார். நுனியில்கூட ஆயில் இல்லை.

"கல்லு அடிச்சு மொத்தமும் ஒழுகிடுச்சு டீச்சர். ஆயில் எறங்குனதும் செவப்பு லைட்டு எரிஞ்சிருக்குமே? அப்பவே ஓரங்கட்டி ஆஃப் பண்ணியிருந்தா இஞ்சின் தப்பிச்சிருக்கும்."

லைட் எதுவும் எரியவில்லை என்றாள் அம்மா. அவர் சாவியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தால் என் சந்தனத்தைச் சுரண்டினார். உள்ளே விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே மல்லாட்டைக் கொல்லையை, கடலைச் செடியையே பிறந்ததிலிருந்து பார்த்திராதவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலமே பெரியப்பா வந்துவிட்டார்.

"நான் சொன்னப்ப கேக்கல. மொதல்ல வித்துத் தொலைடா. ஆமா, லைட்டு மேல கொண்டுபோய்ப் பொட்டு வெச்ச அறிவாளி யாரு?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கார் போனால் அம்மாவுக்கு மறுபடியும் பஸ்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

"நான்தான் வெச்சேன் மாமா" என்றாள் அம்மா. "தப்புதான். ஆனா ரெடியாகி வந்ததும் நான்தான் ஓட்டுவேன்."

பெரியப்பா சிரித்த சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்பா காரை விற்கவில்லை. இஞ்சின் வேலை முடிய மூன்று மாதம் ஆனது. அதுவரை அம்மா பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள், என் ஜடைகள் பழையபடி திசைக்கொன்றாகப் போயின. விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் அம்மாவைப் 'பொட்டு டீச்சர்' என்று கூப்பிட்டார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆயில் மாற்றிய கிலோமீட்டரைக்கூட மறக்காத அம்மா, அந்தப் பொட்டை வைத்தது யார் என்பதை மட்டும் எப்படியோ மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அது ஞாபகம் வராமலே இருக்க வேண்டும் என்று, கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அண்ணாமலையாரிடம் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மா சந்தனக் கிண்ணத்தை மறுபடியும் என் கையிலேயே கொடுத்தாள். சுத்தமாக மறந்துபோய்விட்டாள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.